மடி, நாற்காலி, கூடை: குழந்தைப் படங்களின் துணைப்பொருள்கள்

2013-ஆம் ஆண்டு வெனிஸ் கலைக் கண்காட்சியில், மிலானைச் சேர்ந்த லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் என்ற கலைஞர் தாம் திரட்டிய பழைய குழந்தைப் படங்களைப் பார்வைக்கு வைத்தார். ஆயிரத்துக்குச் சற்றே குறைவு. பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் எடுத்தவை. முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: நாற்காலி, அதன்மேல் விரிப்பு, விரிப்பின்மேல் வெள்ளைக் கவுன் போட்ட கைக்குழந்தை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த விரிப்புக்குத் தோள் இருப்பது தெரியும். துணிக்கு அடியில் முழங்கால் புடைத்துக்கொண்டிருக்கும். சில படங்களில் திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு குழந்தையின் இடுப்பைப் பிடித்திருக்கும். வேறு சிலவற்றில் பெரியவரின் முகத்தைச் சுரண்டியே எடுத்திருப்பார்கள். போர்வைக்குள் இருப்பவர் அம்மா, அல்லது ஆயா. குழந்தை உட்கார்ந்திருந்தது அவர் மடியில்.

குழந்தைப் படத்தின் முதல் துணைப்பொருள் அந்த மடிதான். இன்று பிறந்த பத்தாம் நாளே குழந்தையைப் படமெடுக்கும் தொழில் சென்னையிலும் கோவையிலும் வளர்ந்து நிற்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தேடி அலைவது ‘ப்ராப்ஸ்’ எனப்படும் சாமான்களை: பிரம்புக் கூடை, மரக் கிண்ணம், பின்னல் தொப்பி, கம்பளித் துண்டு, பொம்மைக் கட்டில். கடையில் பார்க்கும்போது எல்லாமே அலங்காரப் பொருளாகத் தெரியும். ஆனால் இவற்றின் வரலாற்றில் பெரும்பகுதி, கழுத்து நிற்காத ஓர் உயிரை விழாமல், அசையாமல் எப்படித் தாங்குவது என்ற கவலையில் பிறந்தது. அந்த வரலாறு தெரிந்தவர் கூடையைத் தேர்ந்தெடுக்கும் விதமே வேறாக இருக்கும்.

1839-இல் பாரிஸில் டாகேர் தம் படமெடுக்கும் முறையை வெளியிட்டபோது ஒரு தகடு பதியப் பல நிமிடங்கள் ஆயின. மரமும் மாளிகையும் அதுவரை பொறுத்திருக்கும். மனிதர்கள் திணறினார்கள். அடுத்த ஆண்டே வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்கிட்டுக் கொடுத்த, ஒளியை மிகுதியாக வாங்கும் லென்ஸ் வந்தது. தகட்டுக்குப் புரோமின் ஆவி காட்டி அதன் வேகத்தைக் கூட்டும் வழியும் பிடிபட்டது. பதியும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் இறங்கியது. 1851-இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையைக் கொண்டுவந்தபின், நல்ல வெளிச்சத்தில் சில விநாடிகள் போதும். மேகம் மூடினால் அரை நிமிடம் வரை இழுக்கும். பெரியவர்களுக்கு ஸ்டுடியோக்காரர் ஓர் இரும்புத் தாங்கி வைத்திருந்தார். நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் கம்பி, அதன் நுனியில் பிடரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கவை. தலை ஆடாமலிருக்க அது உதவும். ஆறு மாதக் குழந்தையை இரும்புக் கவையில் சாய்க்க முடியுமா? ஐந்து விநாடி அசையாதே என்று அதனிடம் சொல்லத்தான் முடியுமா? பழக்கப்பட்ட உடம்பின் சூடும், இடுப்பைச் சுற்றிய கையும்தான் குழந்தையை அந்த ஐந்து விநாடி அமைதியாக வைத்திருந்தன.

அம்மாவை ஏன் மறைத்தார்கள் என்று இன்று பார்ப்பவருக்குத் தோன்றும். கேட்டு வந்தது குழந்தையின் தனிப்படம் என்பதே காரணம். 1854-இல் பாரிஸ் படப்பிடிப்பாளர் டிஸ்டேரி விசிட்டிங் கார்டு அளவுப் படத்துக்கு உரிமம் பெற்றார். ஒரே தகட்டில் பல படங்கள் எடுத்து வெட்டி, அட்டையில் ஒட்டித் தருவது. விலை இறங்கியது. 1860-களில் உறவினருக்கு அனுப்பவும் ஆல்பத்தில் செருகவும் குழந்தைப் படம் வாங்குவது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. படத்தின்மேல் முட்டை வடிவத்தில் வெட்டிய அட்டைச் சட்டம் வரும். போர்வையும் கையும் முழங்காலும் அந்தச் சட்டத்துக்கு அடியில் போய்விடும். வாங்கியவர் கண்ணுக்குத் தெரிந்தது குழந்தையின் முகமும் கவுனும் மட்டும். காலப்போக்கில் பல படங்களின் சட்டம் கழன்றுபோனது. நமக்கு விசித்திரமாகத் தெரியும் காட்சி, அந்தக் குடும்பம் பார்ப்பதற்கென்று வைத்ததே அல்ல.

இந்த இடத்தில் ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டும். போர்வை மூடிய உருவம் தெரியும் படங்களை எல்லாம் இறந்த குழந்தையின் படம் என்றும், இரும்புத் தாங்கி தெரிந்தால் பிணத்தை நிறுத்தி எடுத்தது என்றும் பலர் பரப்புகிறார்கள். அந்தக் காலத்தில் இறந்த குழந்தைகளைப் படமெடுத்தது உண்மை. பிள்ளைச் சாவு மிகுந்திருந்த காலம் அது. பல பெற்றோருக்கு அந்த ஒரு படம்தான் பிள்ளையின் நினைவாக மிஞ்சியது. ஆனால் அந்தக் குழந்தைகளைத் தூங்குவதுபோல் படுக்கையிலோ, தாயின் மடியிலோ வைத்துத்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். தாங்கி உயிருள்ளவர்களின் ஆட்டத்தை அடக்க வந்த கருவி. ஓர் உடலின் பாரத்தைச் சுமக்கும் பலம் அதற்குக் கிடையாது. அசையாத குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் போர்வைக்குள் ஒளிய வேண்டிய தேவையும் இல்லை. அந்தக் கை அங்கே இருப்பதே குழந்தை துள்ளிக்கொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி.

எந்தத் துணி, என்ன நிறம் என்பதிலும் வேதியியல்தான் முடிவுசெய்தது. கொலோடியன் தகடு நீல ஒளிக்கு உடனே மயங்கும்; மஞ்சளையும் சிவப்பையும் ஏறக்குறைய பார்க்கவே பார்க்காது. நீலச் சட்டை வெளிறிப் போகும், சிவப்புச் சால்வை கறுத்துவிடும். வெள்ளைக் கவுனோ வெறும் வெளிச்சத் திட்டாக எரிந்து, மடிப்பெல்லாம் காணாமல் போகும். போர்வைக்குக் கனத்த அடர்நிறத் துணியோ, பூப்போட்ட மேசை விரிப்போ எடுத்தார்கள். அது பின்திரையோடு கலந்துவிடும், முன்னால் உள்ள குழந்தை மட்டும் எடுப்பாகத் தெரியும். நம் ஊர்ப் பழைய படங்களில் குங்குமப் பொட்டு மையிட்டதுபோல் கறுப்பாகத் தெரிவதும் சிவப்பைக் காணாத தகடுகளால்தான்.

மடிக்கு அடுத்து வந்தது நாற்காலி. உயரம் குறைந்தது, பக்கங்கள் உயர்ந்தது, மெத்தை தடித்தது. சிலவற்றில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை கவுனுக்குள் மறைந்திருக்கும். குழந்தைகளைக் காலை பத்து மணியிலிருந்து பிற்பகலுக்குள் அழைத்துவாருங்கள் என்று ஸ்டுடியோக்கள் விளம்பரம் செய்தன. கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம் மிகுந்திருக்கும் நேரம் அது. படத்துக்குள் வராத ஒரு சாமானும் இருந்தது: கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்திய பித்தளைக் குருவி. ரப்பர் குமிழை அழுத்தினால் அது கீச்சிடும். பெரியவர்கள்கூடக் கேமராவைப் பார்க்கும்போது ‘குருவியைப் பார்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இந்த உத்தியோடு சேர்ந்தது.

அழுகிற குழந்தையை எடுப்பது இன்னும் கடினம். சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்த ஆஸ்கர் ரெய்லாண்டர் அதற்குப் பேர்போனவர். சார்லஸ் டார்வின் 1872-இல் மனிதர், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தம் நூலில் ரெய்லாண்டரின் குழந்தைப் படங்களைச் சேர்த்தார். அவற்றில் வாயைப் பிளந்து கதறும் ஒரு குழந்தையின் படம் மக்களிடையே பரபரப்பாக விற்றது. பிற்கால ஆய்வில் ஒன்று தெரியவந்தது: விற்றது நேரடிப் படமல்ல, சிறிய மூலப்படத்தைப் பார்த்துப் பெரிதாக வரைந்து, அந்த ஓவியத்தை மறுபடி படமெடுத்தது. குழந்தையிடம் ஒரு நொடியில் கிடைத்ததை ஸ்டுடியோவில் பொறுமையாகச் செப்பனிடும் வேலை அன்றே இருந்தது. இன்றைய கணினித் திருத்தத்துக்கு ரெய்லாண்டர் மூத்தவர்.

1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் உலர்தகட்டை அறிவித்தார். அடுத்த பத்தாண்டுக்குள் அது தொழிற்சாலைச் சரக்காகி, நொடியின் சிறு பகுதியிலேயே படம் பதியத் தொடங்கியது. மடி தேவையற்றுப் போனது. அம்மா போர்வையைக் களைந்து வெளியே வந்தார். விரும்பினால் பக்கத்தில் அமர்ந்தார். தாங்குகிற பொறுப்பு குறைந்ததும் சாமான்கள் ஆடம்பரமாயின. பிரம்பில் சங்கு வடிவ நாற்காலி, பட்டு மெத்தை, காகிதத்தில் செய்த பிறைநிலா, கரடித் தோல். கரடித் தோலில் வெற்றுடம்போடு கவிழ்ந்து தலை தூக்கிப் பார்க்கும் குழந்தை மேல்நாடுகளில் ஒரு தலைமுறைக்கே அடையாளப் படமாகிவிட்டது. அதற்கும் காரணம் உண்டு. உட்காரத் தெரியாத நான்கைந்து மாதக் குழந்தை யார் துணையும் இல்லாமல் தானே நிலைத்திருக்கக்கூடிய ஒரே நிலை அது. அடர்ந்த மயிர் அதற்கு மெத்தையாக இருந்தது. அடியில் செருகிய தலையணையையும் மறைத்தது.

1900-இல் ஈஸ்ட்மன் கோடக் ஒரு டாலர் விலையில் பிரவுனி கேமராவை விற்றபின் குழந்தைப் படம் வீட்டு முற்றத்துக்கும் வந்துவிட்டது. அங்கே துணைப்பொருள் என்று தேடவே வேண்டாம். தொட்டில், தள்ளுவண்டி, குளிக்கும் தொட்டி என்று கைக்கு எட்டியது எல்லாம் படத்தில் ஏறியது.

சென்னைக்குக் கேமரா தாமதமாக வரவில்லை. 1856-லேயே அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் இங்கே புகைப்படச் சங்கம் அமைந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் கும்பகோணம், மதுரை போன்ற ஊர்களிலும் ஸ்டுடியோக்கள் காலூன்றின. ஆனால் பிறந்த குழந்தை மட்டும் நெடுங்காலம் கேமரா முன் வரவில்லை. கண்ணேறு பற்றிய அச்சம், படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயம், தீட்டுக் காலத்தில் வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து தடுத்தன. இதில் ஒரு பாதியை மூடநம்பிக்கை என்று தள்ளலாம். மறுபாதியில், நோய் எதிர்ப்பு இல்லாத சிசுவைக் கூட்டத்திலிருந்து விலக்கி வைத்த அனுபவ அறிவும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

குழந்தை ஸ்டுடியோவுக்குப் போன முதல் நாள் பெரும்பாலும் அது குப்புற விழத் தொடங்கியபின்தான். தமிழ்க் குடும்ப ஆல்பங்களைப் புரட்டியவர்களுக்கு அந்தப் படம் மனப்பாடம்: கட்டில் விரிப்போ டர்க்கி டவலோ போட்ட பெஞ்சு, அதன்மேல் அரைஞாண் மட்டும் அணிந்த குழந்தை, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி, நெற்றியிலும் கன்னத்திலும் பெரிய மைப்பொட்டுடன். கரடித் தோல் வழக்கம் ஸ்டுடியோ ஆல்பங்கள் வழியாக இங்கே வந்திருக்கலாம். ஆனால் அந்த நிலை தமிழுக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கணம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தபோது, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்று தனியே எடுத்து வைத்தது. உட்கார்ந்து கைகொட்டுவது சப்பாணிப் பருவம். முதல் பருவமான காப்பைக்கூடப் பொதுவாக மூன்றாம் மாதத்துக்கு உரியதாகச் சொல்வார்கள். குழந்தை தன் உடம்பைத் தானே எவ்வளவு தாங்குகிறது என்பதை வைத்தே பருவம் பிரித்த அந்தப் புலவர்களும், பெஞ்சில் டவல் விரித்த ஸ்டுடியோக்காரரும் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள்.

சாமான்களும் நம் ஊருக்கென்று ஒரு வரிசை பிடித்தன. தூணும் படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரை, மரக்குதிரை, பிரம்பு நாற்காலி, பிளாஸ்டிக் ரோஜாச் சாடி, கம்பி இல்லாத டெலிபோன். உட்காரப் பழகிய குழந்தைக்கு டெலிபோன் மிக நல்ல சாமான். இரண்டு கையும் வேலையில் இருந்தால் அழுகை சிறிது நேரம் மறந்துபோகும். கருவுற்ற பெண்ணின் அறைச் சுவரில் ஒட்டும் கொழுகொழு குழந்தைப் படங்களும் இதே வகைச் சாமான்களோடு அச்சாகி ஊரெங்கும் பரவின.

கிருஷ்ணர் வேடத்துக்கு மயிற்பீலி, புல்லாங்குழல், வெண்ணெய்ப் பானை. தஞ்சாவூர் ஓவியத்தில் வெண்ணெய்க் குடத்தோடு அமர்ந்திருக்கும் குண்டுக் கண்ணனை வீட்டில் வைத்துக் கும்பிட்ட குடும்பங்களுக்கு, தம் பிள்ளையை அதே கோலத்தில் பார்க்கும் ஆசை எழுந்ததில் வியப்பில்லை. குலதெய்வக் கோயிலில் முடியிறக்கும் முன் ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, சடை பின்னி, பூ வைத்து ஒரு படம் எடுப்பார்கள். அந்த முடி இனி இராது என்பதற்காக எடுக்கும் படம் அது. இப்போது ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள் பலரின் வீட்டில் அப்படியொன்று இருக்கும்.

இத்தகைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேகரித்து, மின்வடிவில் பாதுகாக்கும் பணி செய்திருக்கிறார்கள். டிஜிட்டல் கேமரா வந்தபின் மூடிய பல ஸ்டுடியோக்களின் கண்ணாடி நெகடிவ்கள் எடைக்குப் போய்விட்ட நிலையில், காலத்தில் செய்த வேலை அது.

பிறந்த குழந்தையைக் கேமரா முன் கொண்டுவரும் இன்றைய மோகத்துக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் ஆன் கெடஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் பெயர் பெற்றவர். முட்டைக்கோஸுக்குள் உட்கார்ந்த இரட்டையர், பூத்தொட்டியில் முளைத்த குழந்தை, பட்டாணித் தோலுக்குள் தூங்கும் சிசு என்று 1990-களில் அவர் எடுத்த படங்கள் நாட்காட்டிகளாகவும் வாழ்த்து அட்டைகளாகவும் உலகைச் சுற்றின. 1996-இல் வந்த அவருடைய தோட்டப் படங்களின் நூல் அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதைப் பார்த்துத் தொழிலுக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்கள் பலர் கவனிக்கத் தவறியது ஒன்று: முட்டைக்கோஸில் இருந்தவை உட்காரத் தெரிந்த குழந்தைகள், சிசுக்களை அவர் எடுத்தது அவை தூங்கும்போது. பொருளுக்கேற்பக் குழந்தையை அவர் வளைக்கவில்லை. குழந்தையின் வயதுக்கேற்பப் பொருளைச் செய்தார். அவர் எடுத்தவற்றில் மிக உயர்ந்தது 1993-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. இரண்டு பெரிய கைகள், அவற்றில் அடங்கிக் கிடக்கும் குறைமாதக் குழந்தை. வேறு எந்தச் சாமானும் இல்லை. அவருடைய பூக்களும் இறக்கைகளும் பழசாகிவிட்டன. அந்தப் படம் இன்னும் பழசாகவில்லை.

இன்று பரவலாகக் காணும் ‘தவளை நிலை’யில், பத்து நாள் குழந்தை தன் இரு கையிலும் தாடையை ஏந்திக்கொண்டு தூங்குவதாகத் தெரியும். அது ஒரே படமல்ல. உதவியாளர் ஒருவர் முதல் படத்தில் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார், இரண்டாவதில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணினியில் சேர்த்து, பிடித்த விரல்களை அழித்துவிடுவார்கள். மரக்கிளையில் தொங்கும் ஏணையும் அப்படித்தான்: குழந்தை தரைக்கு ஓர் அங்குலம் மேலே மெத்தையில் இருக்க, கிளையும் வானமும் பிறகு வந்து சேரும். இதை அறியாமல் படத்தை மட்டும் பார்த்து வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து. கழுத்து நிற்காத குழந்தையின் தலை முன்னால் சாய்ந்தாலே மூச்சுப்பாதை அடைபடும். குழந்தையைக் கவிழ்த்துத் தூங்கவைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-லிருந்து சொல்லிவருகிறது. ஆகவே கவிழ்ந்து தூங்கும் கோலம் கண்ணிமைக்காத காவலில் எடுக்கும் சில நிமிடப் படத்துக்கு மட்டுமே; வீட்டுத் தொட்டிலுக்கு அது வழிகாட்டி ஆகாது.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் பணத்தைப் போட வேண்டியது தாங்கும் பொருள்களில். படுக்கவைக்க உறுதியான மெத்தை, தலைக்கும் தோளுக்கும் அடியில் செருகச் சிறு துணிச் சுருள்கள், அறையைக் கதகதப்பாக வைக்க ஓர் ஏற்பாடு. பிறந்த குழந்தை உடம்புச் சூட்டை விரைவாக இழக்கும். நம் ஊர் வெயிலிலும் ஏ.சி. ஓடும் அறையில் வெற்றுடம்பாக வைத்தால் நடுங்கும். கூடை வாங்குவதானால் அடி அகலமாக இருக்க வேண்டும். தலைப்பக்கம் கனத்துக் கவிழாதபடி அடியில் மணல் பை வைக்க இடம் வேண்டும். பிரம்பின் முனையும் கம்பியும் உள்ளே நீட்டக் கூடாது. பித்தளை அண்டாவும் மரக் கிண்ணமும் அழகுதான். விளிம்புவரை துணி திணித்த பிறகே அவை குழந்தைக்கு ஆகும். கண்ணாடிச் சாடி, உயரமான ஸ்டூல், உதிரும் மணி கோத்த தலைப்பட்டை ஆகிய மூன்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சுற்றுவதற்கு இறக்குமதித் துணி தேடுகிறவர்கள் பலர். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், தாத்தாவின் துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டியைக் கிழித்துப் போடுவது தமிழ் வீடுகளின் வழக்கம். கஞ்சி இல்லை, சாயம் கசியாது, தோலை உறுத்தாது, மூச்சு விடும். அதைவிடப் பொருத்தமான துணியை எந்தக் கடையும் விற்பதில்லை. முறமும் ஏணையும் மரப்பாச்சியும் வீட்டிலேயே இருந்தால் அவற்றையே பயன்படுத்தலாம். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு, வாங்கிய பொம்மைக் கட்டிலைவிடப் பாட்டி புடைத்த முறம்தான் ஏதாவது சொல்லும்.

கடைசியாக, இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலை இருந்தால், குழந்தையின் அம்மாவையோ பாட்டியையோ கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்காரவையுங்கள். இன்னொரு பெரியவர் இல்லாத அறையில் சிசுவைக் கூடையிலும் கிண்ணத்திலும் வைக்காதீர்கள். அன்றைக்குப் படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.